விசைகளை மாற்றலாம், மாற்றியதை மறைக்கலாகாது

ஒலிப்பதிவுகளைத் திருத்துவதற்கென அமைந்த மென்பொருள்களுள், ஆசிரியர்க்கும் களப்பணியாளர்க்கும் எளிதிற் கிடைப்பது ஆடாசிட்டி. அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் 1999-இல் தொடங்கப்பெற்று, 2000-இல் வெளியிடப்பெற்ற இது விலையின்றி வழங்கப்படுகின்றது. இதன் குறுக்குவழி விசைகளையும் கருவிப்பட்டைகளையும் பயன்படுத்துவோர் தம் வசதிப்படி மாற்றிக்கொள்ளலாம். இவ்வுரிமையை நாம் பயன்படுத்துதல் தகுமா என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

தகும் என்பதே எமது கருத்து. மென்பொருளை ஆக்கியோர் பலதிறப்பட்ட பணியாளரையும் மனத்திற்கொண்டு விசைகளை வகுத்தனர். கிராமத்து முதியவரின் சொற்களைப் பதிவு செய்வோர்க்கும், பறவைகளின் குரலைத் தொகுப்போர்க்கும், வகுப்பிற்கு ஒலிப்பாடம் ஆயத்தம் செய்யும் ஆசிரியர்க்கும் வேண்டுவன வேறு வேறாம். இரைச்சலைக் குறைத்தல், ஒலியளவைப் பெருக்குதல் ஆகிய செயல்களுக்குத் தொடக்கத்தில் விசை எதுவும் ஒதுக்கப்படவில்லை. ஒவ்வொரு முறையும் பட்டியலைத் திறந்து தேடல் வேண்டும். ஒரு பதிவில் 300 இடங்களில் இவ்வேலை நேருமாயின், இடத்திற்கு 5 விநாடி மிஞ்சினும் மொத்தம் 25 நிமிடம் மிச்சமாகும். கண் பார்வையற்ற ஆசிரியர்க்கோ இது நேரத்தைப் பற்றிய விஷயமன்று. சுட்டியால் பயனில்லாத அவர்க்கு விசைப்பலகையே வேலைக்கு வாயில்.

ஆயினும் இதற்கு மறுபுறமும் உண்டு. பலர் கூடிப் பயன்படுத்தும் ஒரு கணினியில் நிகழ்ந்ததொன்றை யாம் நேரிற் கண்டோம். முன்பு பணிசெய்த ஒருவர், ஒரு விசையைத் தேர்ந்த பகுதியை மௌனமாக்கும் செயலுக்கு மாற்றியிருந்தார். பின்னர் வந்த ஆசிரியை, தம் கணினியிற் பழகியவாறு, ஒலியை மீண்டும் கேட்கும் பொருட்டு அதே விசையை அழுத்தினார். ஒலி எழவில்லை. ஒலிபெருக்கியில் பழுது என எண்ணி, வேறு சில சொற்களிலும் அவ்வாறே அழுத்திப் பார்த்துவிட்டு, கோப்பினைச் சேமித்து மூடினார். மூடிய பின்னர், செய்ததை மீட்கும் வசதி இல்லை. பதிவுக்கருவியில் இருந்த மூலமோ முன்னரே அழிக்கப்பட்டிருந்தது. அச்சொற்களைக் கூறிய மூதாட்டியாரை மீண்டும் தேடிச் செல்ல நேர்ந்தது.

ஆதலின் விசைகளை மாற்றவே கூடாது என்பார் சிலர். பயிற்சி நூல்கள் யாவும் தொடக்க அமைப்பையே கூறுகின்றன என்னும் அவர்தம் வாதம் புறக்கணிக்கத்தக்கதன்று. எனினும் மேற்கூறிய இழப்பிற்குக் காரணம் மாற்றம் அன்று. மாற்றியதைப் பிறர் அறியாமையே. மூலப்பதிவின் படி ஒன்றைத் தனியே வையாமையும் உடன்காரணமாகும்.

எனவே நடுவழி ஒன்றை வற்புறுத்த விரும்புகின்றோம். வெட்டுதல், சேமித்தல், செய்ததை மீட்டல் ஆகியவற்றின் விசைகளைத் தொடுதல் ஆகாது. பணி ஒதுக்கப்படாத விசைகளையே புதிதாக எடுத்தாளுக. ஒலியை அழிக்கும் அல்லது மௌனமாக்கும் செயலை ஒற்றை எழுத்து விசையில் வைத்தல் அறவே வேண்டா. மாற்றிய அமைப்பைக் கோப்பாக வெளியே எடுத்து மற்றொரு கணினியில் ஏற்றும் வசதி இம்மென்பொருளில் உண்டு. ஒரு நிலையத்தார் அனைவரும் கலந்து முடிவுசெய்த ஒரே கோப்பினை எல்லாக் கணினிகளிலும் ஏற்றுக. கருவிப்பட்டைகளின் இடவமைப்பு அக்கோப்பில் அடங்குவதில்லை. ஆதலின் அதனைப் படமாக எடுத்து வைத்தல் நலம். பட்டைகள் இடம் மாறிக் குழப்பம் நேரின், அவற்றைத் தொடக்க நிலைக்குக் கொணரும் கட்டளை ‘காட்சி’ப் பட்டியலில் உள்ளது.

இறுதியாக, மாற்றிய விசைகளை ஒரு தாளில் எழுதிக் கணினியின் அருகே ஒட்டுக. ஆய்வுக்கூடத்தில் பெயர்ச்சீட்டு இல்லாத புட்டியை எவரும் தொடுவதில்லை. பெயர் மாற்றிய விசையும் அத்தகையதே. தன் கைக்கேற்பக் கருவியைத் திருத்திக்கொள்பவர் நல்ல பணியாளர். அடுத்து வருபவரின் கையையும் நினைப்பவரே நிலையத்திற்கு வேண்டியவர்.