தொடாதே, அழாதே, சத்தம் போடாதே

எங்கட பக்கத்தில ஒழுங்கைக்கு ஒரு மொன்டிசூரி இருக்கு. நேசரி எண்டு சொன்னாலும் அதுதான், முன்பள்ளி எண்டு பலகையில எழுதினாலும் அதுதான். அந்தப் பெயருக்குச் சொந்தக்காரியான மரியா மொன்டிசோரி இத்தாலிய மருத்துவர். 1907 ஜனவரியில் ரோம் நகரின் சான் லொரென்சோ என்ற ஏழைக் குடியிருப்பில் தன்னுடைய முதலாவது குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கினார். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் இந்தியாவில் தங்கியிருந்தபோது, 1944இல் இலங்கைக்கும் வந்து விரிவுரை செய்தார். சின்னப்பிள்ளைக்குப் புலன்கள்தான் முதல் ஆசிரியர், கை பழகினதைத்தான் மனம் பிடிக்கும் என்பது அவருடைய அடிப்படை. பெயர் எங்களிட்ட வந்து சேர்ந்திட்டுது. கைக்கு வேலை வந்து சேரேல்ல. மூன்றரை வயதுப் பிள்ளைக்குக் கொப்பி, பென்சில், வீட்டுவேலை. தரம் 5 புலமைப்பரிசிலுக்கான ஓட்டம் அங்கயே தொடங்கிவிடுகிறது.

இதைப் படிப்புச் சுமை பற்றிய முறைப்பாடாக மட்டும் எழுதினால் பாதிதான் சொன்னதாகும். எங்களுடைய கவலை இரக்கம் பற்றியது.

1971இல் மார்வின் சிம்னர் என்ற உளவியலாளர் பிறந்து சில நாளே ஆன குழந்தைகளிடம் ஒன்றைக் கவனித்தார். இன்னொரு பச்சைக்குழந்தை அழுகிற சத்தம் கேட்டால் அவையும் அழுதன. அதே அளவு சத்தத்தில் இயந்திரம் உண்டாக்கிய அழுகைக்கு அவ்வளவாக அழவில்லை. இதை முழு இரக்கம் எண்டு சொல்லேலாது, ஆனால் அதன் விதை மாதிரி ஒன்று காது வழியாக வந்திருக்கு. பிறகு நாங்கள் என்ன செய்யிறம்? “அழாத, ஆம்பிளைப்பிள்ளை அழுறதே” எண்டு அந்தக் காதை அடைக்கிறம். “தொடாத, ஊத்தை” எண்டு கையைக் கட்டுறம். ஆத்திசூடியைப் பிழையில்லாமல் ஒப்புவிக்கிற பிள்ளை வீட்டுக்குப் போற வழியில தெருநாய்க்குக் கல்லெறியுது. பிள்ளையில குற்றம் இல்லை. நாயின் வயிற்றில கை வைச்சு, சூட்டையும் மூச்சு ஏறி இறங்கிறதையும் அது ஒருநாளும் உணரேல்ல. நாய் அதுக்கு ஓடுற ஒரு சாமான், அவ்வளவுதான். (கலைப்பீடத்தில் நாங்களும் சங்க இலக்கியத்தில் அன்பு பற்றிப் பத்துப் பக்கம் எழுதிப் புள்ளி வாங்குகிறம், அது வேற கதை.)

அம்மம்மாமார் குழையல் சோறு தந்த முறையை யோசிச்சுப் பாருங்கோ. பழஞ்சோறு, தயிர், பழங்கறி, மிளகாய் எல்லாத்தையும் ஒரு சட்டியில குழைச்சு, சுத்தி இருக்கிற பிள்ளையளின்ர கையில உருண்டை உருண்டையாக வைப்பினம். உறைப்பு நாக்கில, ஈரம் உள்ளங்கையில. பக்கத்துப் பிள்ளையின் கையில உருண்டை விழும்வரை காத்திருக்கவேணும். கடைசி உருண்டை ஆருக்கு எண்டு சண்டை வரும், பிறகு பாதியாகும். ‘பகிர்தல்’ எண்டு ஆரும் கரும்பலகையில எழுதேல்ல.

அமைதியையும் இதோடு சேர்த்துப் பேசவேணும். மொன்டிசோரி ஒருநாள் நான்கு மாதக் குழந்தை ஒன்றைக் கையில் ஏந்திக்கொண்டு வகுப்புக்குள் வந்தார். இந்தப் பிள்ளை மாதிரிச் சத்தமில்லாமல் இருக்க உங்களால் முடியுமா எண்டு பகிடியாகக் கேட்டார். பிள்ளைகள் கை கால் அசைக்காமல் அந்த மெல்லிய மூச்சைக் கவனிக்கத் தொடங்கினார்கள். வழமையில் கேளாத மணிக்கூட்டுச் சத்தம்கூடக் கேட்டது. அவருடைய மௌன விளையாட்டு அப்படித்தான் பிறந்தது.

எங்களைப் பெத்தவைக்குத் தெரிஞ்ச அமைதி வேற. வடக்கு கிழக்கில அவையில பலபேர் பங்கருக்குள் வாயைப் பொத்திக்கொண்டு இருந்த பிள்ளைகள். அப்ப சத்தம் போடாமல் இருப்பது உயிர் தப்புகிற வழி. அந்தத் தலைமுறை “சத்தம் போடாத” எண்டு சொல்லும்போது அதுக்குள்ள பழைய பயமும் கிடக்கு, அதை நாங்கள் குறைகூறப் போறதில்லை. ஆனால் போர் முடிஞ்சு இத்தனை வருசத்துக்குப் பிறகும் வகுப்பறை அமைதி பிரம்பில தங்கியிருக்கிறதை எப்படி ஏற்கிறது? பாடசாலையில் அறை வாங்கிய ஒரு மாணவனின் காது நிரந்தரமாகப் பாதிக்கப்பட்ட வழக்கில், 2021 பெப்ரவரியில் உயர் நீதிமன்றம் அது அரசியலமைப்பின் 11ஆவது உறுப்புரையை மீறுகிறது எண்டு தீர்ப்பளித்தது. கேட்கப் பழக்கவேண்டிய காதையே அடிச்சுக் கெடுத்திருக்கு. இதைக் கேட்டும் “அடி உதவுறமாதிரி அண்ணன் தம்பி உதவான்” எண்டு பழமொழி சொல்லுகிற ஆக்கள் இருக்கினம். அடி ஒன்றைக் கற்பிக்குது, உண்மைதான்: பெரிய கை சின்னக் கையை நோகச்செய்யலாம் எண்டதை. அடுத்தநாள் அதைத் தம்பியில பரீட்சித்துப் பார்க்கும்.

இப்ப இன்னொரு பக்கமும் சந்தை திறந்திருக்கு. ‘முழுமையான பிள்ளை வளர்ப்பு’, ‘சென்சரி கிட்’ எண்டு முகநூலில் மரப்பெட்டி விக்கினம். ரெண்டுபேரும் வேலைக்குப் போற வீட்டில அதைக் கண்டால் குற்ற உணர்ச்சிதான் மிச்சம், அதுவும் பெரும்பாலும் அம்மாவுக்கு மட்டும். அப்பாவின்ர கையும் கைதானே. பிள்ளையோட சேர்ந்து கோழிக்குத் தவிடு குழைக்கலாம், பூக்கண்டுக்குத் தண்ணி ஊத்தலாம், அப்பம்மாவின்ர வெடிச்ச குதிக்காலுக்கு எண்ணெய் பூசலாம். அந்தச் சொரசொரப்பைத் தொட்ட பிள்ளை “ஏன் அப்பம்மா இப்பிடி?” எண்டு கேட்கும். பதிலாக ஒரு கதை வரும். காசு செலவில்லை, நேரம் கொஞ்சம் போகும்.

முன்பள்ளி ரீச்சர்மாரை மட்டும் குற்றம் சொல்லவும் எங்களுக்கு விருப்பமில்லை. மிகக் குறைஞ்ச கொடுப்பனவுக்கு அறை நிறையப் பிள்ளைகளைப் பார்க்கினம். “பிள்ளை இன்னும் ஏ, பி, சி எழுதேல்லையே” எண்டு வாசலில நிண்டு கேட்கிறது பெற்றோர். அந்தக் கேள்விக்காகத்தான் மண்விளையாட்டு நேரம் கொப்பி நேரமாகுது. வாற தையில பிள்ளையைச் சேர்க்கப்போற அக்காமார், அண்ணாமார் அந்தக் கேள்வியை இந்தமுறை விடுங்கோ. பிள்ளை மண்ணில விளையாடுமோ, ஒரு பிள்ளை அழுதால் மற்றப் பிள்ளையளை என்ன செய்ய விடுவியள் எண்டு கேளுங்கோ.