எஞ்சினை மாற்றுமுன் படகை அறிக

வேகத்தை விரும்பாத மாந்தர் இந்நாளில் அரியர். நமது பழைய மாணவருட் பலர் இன்று கனடாவிலும் இங்கிலாந்திலும் அவுஸ்திரேலியாவிலும் குடியமர்ந்துள்ளனர். விடுமுறை நாட்களில் ஏரிகளிலும் கழிமுகங்களிலும் குடும்பத்தோடு படகிற் செல்லுதல் அந்நாடுகளிற் பரவலான பழக்கம்; நம்மவருட் சிலரும் அதில் ஈடுபடுகின்றனர். படுக்கையும் சமையலடுப்பும் அமைந்த 25 அல்லது 30 அடி நீளமுள்ள அறைப்படகுகளே இதற்கு உகந்தவை. இத்தகைய படகின் பழைய எஞ்சின் தேய்ந்துவிட்டால் உடையவர் மனத்தில் ஓர் ஆசை எழுகின்றது: “எப்படியும் எஞ்சினை மாற்றவேண்டும், இரட்டிப்பு வலுவுள்ளதை வைத்தால் இரட்டிப்பு வேகம் வருமன்றோ?” வாராது என்பதும், கணக்கிடாது செய்தால் பணமும் பாதுகாப்பும் ஒருங்கே போகும் என்பதும் எமது கருத்து.

படகுகள் நீரிற் செல்லும் முறை இருவகைப்படும். ஒருவகைப் படகு தன் நிறைக்குச் சமமான நீரை விலக்கிக்கொண்டு அதனூடே உழுது செல்வது. மற்றையது, வேகம் பெற்றதும் அடிப்பாகத்தை உயர்த்தி நீரின்மேல் வழுக்கிச் செல்வது. எஞ்சினைப்பற்றிச் சிந்திக்குமுன், தம் படகு எவ்வகையைச் சேர்ந்தது என்பதை உடையவர் அறிதல் வேண்டும்.

உழுது செல்லும் படகின் இயல்பை 1870களில் இங்கிலாந்தின் டோர்க்கி நகரில் நீண்ட நீர்த்தொட்டியொன்றை அமைத்து, அதிற் சிறிய மாதிரிக் கப்பல்களை இழுத்துப் பார்த்து ஆராய்ந்தவர் வில்லியம் புரூட் என்னும் பொறியியலறிஞர். படகு செல்லும்போது அலையை எழுப்புகின்றது. வேகம் கூட அலையின் நீளமும் கூடுகின்றது. அலையின் நீளம் படகின் நீர்மட்ட நீளத்துக்குச் சமமாகும்போது படகு தன் அலையின் இரு முகடுகளுக்கிடையே அகப்பட்டுக்கொள்கின்றது. அதற்குமேல் வலுவைக் கூட்டினால், அணியம் உயர்ந்து, பின்புறம் தாழ்ந்து, தான் எழுப்பிய அலைமேல் தானே ஏற முயல்கின்றது. அந்த எல்லையைக் கணிப்பது எளிது. அடியில் அளந்த நீர்மட்ட நீளத்தின் வர்க்கமூலத்தை 1.34ஆற் பெருக்கினால், மணிக்கு எத்தனை கடல்மைல் என்பது கிடைக்கும். 25 அடிக்கு 6.7, 36 அடிக்கு ஏறக்குறைய 8.

அந்த எல்லைக்கு உட்பட்ட வேகங்களிற்கூடத் தேவையான வலு, பெரும்பாலும் வேகத்தின் மும்மடிப்படி கூடுகின்றது. 4 கடல்மைல் வேகத்தை 5 ஆக்குதற்கு வலு ஏறக்குறைய இரு மடங்காதல் வேண்டும். எல்லையை அணுகியபின்னோ இக்கணக்கும் போதாது. ஆகவே, உழுது செல்லும் படகிற் பெரிய எஞ்சினை வைப்பவர் எரிபொருளைக் கொடுத்து அலையை விலைக்கு வாங்குகிறார் எனலாம்.

வழுக்கிச் செல்லும் படகின் நிலை இதனினும் நல்லது. ஆயினும் அங்கும் வேகம், வலுவின் வர்க்கமூலத்தை ஒட்டியே கூடுகின்றது. 150 பரிவலுவுடன் 20 கடல்மைல் வேகத்திற் செல்லும் படகொன்றை எடுத்துக்கொள்வோம். நிறை மாறாது 300 பரிவலுவைப் பொருத்தினால் வேகம் 28 ஆகும், 40 ஆகாது. பெரிய எஞ்சினாலும் கூடிய எரிபொருளாலும் நிறை பத்தில் ஒரு பங்கு கூடிவிட்டால் 27 ஆகக் குறையும். டீசல் எஞ்சின் ஒரு பரிவலுவுக்கு மணிக்கு 0.2 லீற்றர் வரை எரிக்கும். அதன்படி முழுவேகத்திற் செல்லும்போது முன்னைய எஞ்சின் மணிக்கு 30 லீற்றரும் புதியது 60 லீற்றரும் உண்ணும். 200 லீற்றர்த் தாங்கியோடு முன்னர் 133 கடல்மைல் சென்ற படகு, இப்போது 90 கடல்மைலே செல்லும். விரைந்து செல்லலாம், தொலைதூரம் செல்ல இயலாது.

வலு எஞ்சினிற் பிறந்தாற் போதாது; அது நீரைச் சென்றடைதல் வேண்டும். இதற்குச் சான்று ‘டர்பீனியா’ என்னும் சிறு நீராவிக் கப்பலின் வரலாறு. சாள்ஸ் பார்சன்ஸ் தாம் கண்ட நீராவிச் சுழலியின் ஆற்றலைக் காட்டுதற்காக 1894ஆம் ஆண்டில் அதனைக் கட்டுவித்தார். 100 அடிக்குச் சற்று மேற்பட்ட நீளமும் 9 அடி அகலமும் கொண்ட ஒடுங்கிய கப்பல் அது. ஒரு தண்டோடு ஓட்டியபோது 20 கடல்மைலைத்தானும் அது எட்டவில்லை. விசிறி மிக விரைவாகச் சுழன்றதனால் அதன் இதழ்களைச் சுற்றி நீராவிக் குமிழிகள் தோன்றி, உந்துதலைக் கெடுத்தன. பார்சன்ஸ் அதன் உந்துமுறை முழுவதையும் மாற்றி, மூன்று சுழலிகளையும் மூன்று தண்டுகளையும் தண்டுக்கு மூன்றாக ஒன்பது விசிறிகளையும் அமைத்தார். 1897இல் விக்டோரியா மகாராணியாரின் வைரவிழாக் கடற்படை அணிவகுப்பில் அக்கப்பல் 34 கடல்மைல் வேகத்தோடு ஓடிக் கண்டோரை வியப்பில் ஆழ்த்தியது. வேகத்தைத் தந்தது எஞ்சின் மட்டுமன்று. ஒடுங்கிய உடலும், தக்க விசிறியும், பொறுமையான சோதனையும் சேர்ந்தே தந்தன.

அறைப்படகுக்கும் இதுவே விதி. எஞ்சின் மாறினால் விசிறியின் விட்டமும் சாய்வும் மாறவேண்டும். தண்டு, பல்லிணைப்பெட்டி, சுக்கான், குளிர்நீர்க் குழாய், புகைபோக்கி யாவும் புதிய வலுவைத் தாங்கவேண்டும். முழுவிசையிலும் எஞ்சின் தனக்குரிய சுழற்சியை எட்டாதாயின் அது மிகைச்சுமையால் வருந்துகின்றது என்பது பொருள். டீசலாயின் கரும்புகை கக்கி விரைவில் அழியும். நிறை பின்புறஞ் சேர்ந்தால் படகு அணியத்தைத் தூக்கித் தூக்கி அடிக்கும். வேகம் 20இலிருந்து 28 ஆகும்போது படகின் இயங்குசக்தி இரு மடங்காகின்றது. அம்மோதலை அடித்தளமும் எஞ்சினைத் தாங்கும் சட்டங்களும் ஏற்கவேண்டும். அறையினுள்ளே இருக்கும் பிள்ளைகளும் முதியோரும் ஏற்கவேண்டும். செலவைக் குறைக்க மோட்டர்க்காரின் பெற்றோல் எஞ்சினைப் படகிலிடுவாரும் உளர். பெற்றோல் ஆவி காற்றினும் பாரமானது. படகின் அடியிலே தங்கி, ஒரு மின்பொறிக்காகக் காத்திருக்கும். இல்லத்தையே நீரில் ஏற்றிச் செல்பவர் இத்துணிவைக் கொள்ளலாகாது.

எஞ்சினை மாற்றவே வேண்டாம் என்பது எமது வாதமன்று. புதிய டீசல் எஞ்சின்கள் பல, அதே வலுவுள்ள பழையவற்றிலும் நிறை குறைந்தவை. எரிபொருளையும் சிக்கனமாக உண்பவை. எதிர்க்காற்றிலும் நீரோட்டத்திலும் சிறிது மிகைவலு துணையாகும் என்பதும் உண்மை. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 20 அடிக்குக் குறைந்த வெளிமோட்டர்ப் படகுகளில் ஆகக்கூடிய பரிவலுவைத் தகட்டிற் பொறித்தல் சட்டப்படி வேண்டப்படுவது. பெரிய அறைப்படகில் அத்தகைய தகடு இல்லாதவிடத்து, கட்டியவர் அதே அமைப்புப் படகிற் பொருத்திய மிகப் பெரிய எஞ்சின் யாதென விசாரித்தறிக. அதனை மீறுவதாயின் படகமைப்பு வல்லுநரின் கணக்கைப் பெறாது ஓர் ஆணியையும் கழற்றற்க. உழுது செல்லும் படகை வைத்துக்கொண்டு வேகத்தை நாடுபவர், அதனை விற்று வேறு படகு வாங்குவதே ஆதாயம்.

மாணவர்க்கும் ஒரு சொல். வர்க்கமூலமும் மும்மடியும் பரீட்சைத் தாளோடு முடிபவையல்ல. குறிகட்டுவானிலிருந்து நயினாதீவுக்கோ நெடுந்தீவுக்கோ செல்லும்போது படகின் ஓரத்தே எழும் அலையை உற்று நோக்குங்கள். முகட்டுக்கும் முகட்டுக்கும் உள்ள தூரத்தை மதித்து, வேகத்தைக் கணியுங்கள். கடையிலே எஞ்சின் விற்பவர் எத்தனை பரிவலு என்றே சொல்வார். அது எத்தனை கடல்மைல் ஆகும் என்பதைக் கணக்கே சொல்லும். அக்கணக்கை அறிந்தவன் தன் பொருளையும் தன்னை நம்பிப் படகேறியோரையும் காப்பான்.