வங்கி வாங்கப் போனவர்

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை விறாந்தையில் அமர்ந்து விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். படலை திறக்கும் ஓசை கேட்டுத் தலை நிமிர்ந்தபோது, உயர்தர வகுப்பில் என்னிடம் வர்த்தகம் பயின்ற பழைய மாணவர் ஒருவர் கையில் ஒரு கோப்புடன் வந்துகொண்டிருந்தார். வகுப்பில் ஐந்தொகை தயாரிக்கச் சொன்னால் மற்றவர்கள் கூட்டிக் கழித்துக்கொண்டிருக்கையிலேயே இரு பக்கங்களையும் சமப்படுத்திவிட்டுப் பேனாவை மூடிவைக்கும் பிள்ளை அவர். பின்னர் பட்டயக் கணக்காளராகி, இன்று கொழும்பிலே பெரிய கொம்பனியொன்றின் நிதிப் பிரிவில் மதிப்பான பதவியில் இருக்கிறார்.

"சேர், உத்தியோகத்தை விடப் போகிறேன்" என்றார், நாற்காலியில் அமர்வதற்கு முன்பே.

கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்க வேண்டும் என்று சொல்லிச் சொல்லிப் பிள்ளைகளை வளர்த்த ஊர் நம்முடையது. அரசாங்க உத்தியோகம் கிட்டாதபோது கொம்பனி உத்தியோகத்தை அதற்கு அடுத்த படியில் வைத்தோம். மாதம் முடிந்தால் சம்பளம் என்ற அந்த ஏற்பாட்டை ஒருவர் தாமாகவே கைவிடுகிறார் என்றால் வீட்டிலே என்ன நடந்திருக்கும் என்பதை வாசகர்கள் ஊகித்துக்கொள்ளலாம். தந்தையும் மகனும் பத்து நாட்களாகப் பேசவில்லை. தாய் அழுதுகொண்டிருக்கிறார்.

காரணம் இதுதான். திருகோணமலையில் நிலாவெளிப் பக்கமாகப் பன்னிரண்டு அறைகள் கொண்ட விருந்தினர் விடுதி ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. இவரும் இரு நண்பர்களும் சேர்ந்து அதனை வாங்க எண்ணியிருக்கிறார்கள். மூவரின் சேமிப்பும் சேர்ந்தால் இரண்டு கோடி. மிகுதி ஆறு கோடியை வங்கி தரும். ஆனால் விடுதியின் உறுதி மட்டும் போதாதாம், வேறோர் ஈடும் வேண்டுமாம். வீட்டில் இருப்பது ஒரேயொரு காணி. அது தங்கையின் கலியாணத்துக்கென்று தந்தை ஒதுக்கி வைத்தது.

"நீங்கள் ஒரு சொல் சொன்னால் ஐயா கேட்பார், சேர்."

"சொல்லுவது இருக்கட்டும். நல்ல உத்தியோகத்தை ஏன் விட வேண்டும்? அதை முதலிற் சொல்லும்."

சிறிது நேரம் பேசாமல் இருந்தார். "ஒன்பது வருடமாகப் பிறருடைய கட்டிடங்களுக்குப் பெறுமானத் தேய்வு கணித்து வருகிறேன். எங்கோ ஓரிடத்தில் ஒரு கட்டிடத்தை நிமிர்த்தி, நாலு பேருக்கு வேலை கொடுத்தேன் என்று சொல்ல எனக்கும் ஆசை இருக்காதா?" என்றார். பேராசை என்று தள்ளிவிடக்கூடிய பதில் அன்று. எனவே விடைத்தாள்களை ஒதுக்கி வைத்துவிட்டு, கொன்ராட் ஹில்டன் என்பவரின் கதையை அவருக்குச் சொன்னேன்.

அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் சான் அந்தோனியோ என்னும் சிற்றூரில் 1887 இல் பிறந்தவர் ஹில்டன். 1907 இல் ஏற்பட்ட பண நெருக்கடியின்போது அவர் தந்தை வீட்டின் அறைகளைப் பிரயாணிகளுக்கு வாடகைக்கு விட்டார். புகையிரத நிலையத்திலிருந்து பெட்டிகளைச் சுமந்து வந்தவர் மகன். ஆயினும் அவருடைய மனம் சென்றது வங்கித் தொழிலில். 1913 இல் தம் ஊரிலேயே சிறு வங்கியொன்றைத் தொடங்கினார். முதல் உலகப் போருக்குச் சென்று திரும்பியபின், 1919 இல், எண்ணெய்க் கிணறுகளால் திடீரெனச் செழித்திருந்த டெக்ஸாஸ் மாநிலத்தின் சிஸ்கோ நகருக்குப் போனார். போனது ஒரு வங்கியை வாங்க. 75,000 டொலருக்கு என்று பேசிய விலையை விற்பவர் 80,000 ஆக உயர்த்திவிட்டார். ஹில்டன் வெறுத்துப்போய், இரவு தங்குவதற்கு எதிரே இருந்த மொப்லி ஹோட்டலுக்குச் சென்றார். அங்கே இடமில்லை. நாற்பது அறைகளையும் எண்ணெய்த் தொழிலாளருக்கு எட்டு மணித்தியாலத்துக்கு ஒருவராக, நாளொன்றுக்கு மூன்று முறை விற்றுக்கொண்டிருந்தார்கள்! ஹோட்டல்காரரோ எண்ணெயில் இதைவிடக் கூடச் சம்பாதிக்கலாம் என்று எண்ணி, வியாபாரத்தை விட்டால் போதும் என்றிருந்தார். கூட்டாளிகளைச் சேர்த்துக் கடனும் பெற்று, ஏறத்தாழ 40,000 டொலருக்கு ஹில்டன் அதனை வாங்கினார். வங்கி வாங்கப் போனவர் விடுதிக்காரராய்த் திரும்பினார்.

"பார்த்தீர்களா சேர்!" என்றார் மாணவர், முகம் மலர்ந்து.

"கதை இன்னும் முடியவில்லை, தம்பி. பத்து வருடம் கழித்து நடந்ததையும் கேளும்."

1925 இல் டலஸ் நகரிலே தம் பெயரில் முதல் ஹோட்டலைத் திறந்தார் ஹில்டன். நிலத்தை விலைக்கு வாங்காமல் 99 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்து, அந்தக் குத்தகையின் பேரிற் கடன் பெற்றுக் கட்டினார். நிதி அறிவு செய்த வேலை அது. மேலும் மேலும் ஹோட்டல்கள் எழுந்தன. 1929 இல் பங்குச் சந்தை சரிந்து பெருமந்தம் வந்தது. பிரயாணம் செய்வோர் குறைந்தனர்; கடனின் வட்டி மட்டும் குறையவில்லை. ஹோட்டல்கள் பலவற்றை இழந்து, வட்டி கட்ட வழியின்றித் தவித்தார். பின்னர் மெல்ல மெல்ல எழுந்து, 1949 இல் நியூயோர்க்கின் வோல்டோர்ப் அஸ்டோரியா வரை கைப்பற்றினார் என்பது உண்மை. ஆனால் அதே மந்தத்தில் விழுந்து எழாமற்போன ஹோட்டல்காரர் எத்தனையோ பேர். அவர்களுடைய பெயரைத் தாங்கிய கட்டிடம் இல்லாமையால் அவர்களை நாம் அறியோம்.

"விழுவதற்குக் காரணம் என்ன சேர், கடனா?"

கேள்வி சரியானது. விடையைக் கணக்கிலேயே காட்டலாம் என்று அவருடைய கோப்பை வாங்கினேன்.

விடுதியில் 12 அறைகள். ஆண்டில் 365 இரவுகள். விற்பதற்கு உள்ளவை 4,380 அறையிரவுகள். சந்தையில் மிஞ்சிய மீனைக் கருவாடாக்கலாம். விற்காமற் கழிந்த இரவை எதுவாகவும் ஆக்க முடியாது. ஆண்டு முழுவதற்கும் சராசரியாகப் பாதி அறைகள் நிரம்பும், ஓர் இரவுக்கு 9,000 ரூபா கிடைக்கும் என்று அவர் கணித்திருந்தார். 2,190 அறையிரவுகள்; வருமானம் ஒரு கோடியே 97 இலட்சத்து 10,000 ரூபா. நடத்தும் செலவு அதிற் பாதி, 98 இலட்சத்து 55,000. மிகுந்த பாதியில் ஆறு கோடிக்கு நூற்றுக்கு 13 வீதம் வட்டி 78 இலட்சம். கையில் நிற்பது 20 இலட்சத்து 55,000. பார்வைக்கு அழகான கணக்கு.

சிவப்புப் பேனாவை எடுத்து, பாதி என்பதை நூற்றுக்கு 35 ஆக மாற்றினேன். விற்பது 1,533 அறையிரவுகள். வருமானம் ஒரு கோடியே 37 இலட்சத்து 97,000. செலவும் அதே அளவில் இறங்குமா? இறங்காது. சமையற்காரர், காவலாளர், காப்புறுதி, தோட்டம் என மூன்றில் இரண்டு பங்கு செலவு ஆள் வந்தாலும் வராவிட்டாலும் உண்டு: 65 இலட்சத்து 70,000. அறையோடு ஏறி இறங்குவது இரவொன்றுக்கு 1,500 வீதம் 22 இலட்சத்து 99,500. இரண்டையும் கழித்தால் மிகுதி 49 இலட்சத்து 27,500. வட்டியோ அதே 78 இலட்சம். குறை 28 இலட்சத்து 72,500 ரூபா. முதலைத் திருப்பிக் கட்டுவதும், மெத்தை தளபாடங்களைப் புதுப்பிக்க வருமானத்தில் நூற்றுக்கு 4 அளவில் இத்தொழிலில் ஒதுக்கி வைக்கும் வழக்கமும் இந்தக் கணக்கிற் சேரவில்லை.

பத்துப் பேர் வந்த இடத்தில் ஏழு பேர் வந்தார்கள், அவ்வளவுதான் நடந்தது. அதற்கே இலாபம் முழுவதும் போய், அதனிலும் பெரிய நட்டம் வந்துவிட்டது.

"நூற்றுக்கு 35 ஆக விழுமா சேர்?" என்று மெல்லிய குரலிற் கேட்டார். கிழக்குக் கரையிலே உல்லாசப் பிரயாணிகளின் பருவம் மே தொடக்கம் செப்டெம்பர் வரைதான். வாடைக்காற்றும் மாரி மழையும் தொடங்கினால் கடற்கரை வெறிச்சோடும். அது ஆண்டுதோறும் வரும் குறைவு. எதிர்பாராமல் வருவதை நம் நாட்டுக் கணக்கே சொல்லும். 2018 இல் இலங்கைக்கு வந்த பிரயாணிகள் 23 இலட்சத்து 33 ஆயிரம் பேர். 2019 உயிர்த்த ஞாயிறன்று கொழும்பின் பெரிய ஹோட்டல்களிலும் குண்டுகள் வெடித்தன. அடுத்துக் கொள்ளைநோய். 2020 இல் வந்தோர் 5 இலட்சத்து 7 ஆயிரம். 2021 இல் 1 இலட்சத்து 94 ஆயிரம் மட்டும். 2022 இலே எரிபொருளுக்கு வரிசையில் நின்றோம். அவ்வாண்டு ஏப்பிரல் மாதத்தில் மத்திய வங்கி தன் கடன் வீதத்தை ஒரேயடியாக 7 புள்ளிகள் உயர்த்தி நூற்றுக்கு 14.5 ஆக்கியது. பிரயாணிகளின் தொகை மறுபடியும் 20 இலட்சத்தைத் தாண்டியது 2024 இலேதான். இடையில் ஐந்து ஆண்டுகள். அந்த ஐந்து ஆண்டுகளும் தங்கையின் காணி வங்கியில் இருந்திருந்தால்?

மாணவர் பேசவில்லை. உள்ளே இருந்து தேநீர் வந்தது. அதைத் தொடவுமில்லை.

அவரைச் சோர்வடையச் செய்வது என் நோக்கமன்று. எனவே மறுபக்கத்தையும் சொன்னேன். மாதச் சம்பளக்காரனாகிய நான் பிறருக்கு அச்சத்தைப் போதிப்பது எளிது. எல்லாரும் சம்பளத்தையே நாடினால் சம்பளம் கொடுப்பது யார்? மேலும், விடுதித் தொழிலில் நிலமும் கட்டிடமும் ஒருவருடையதாகவும், நடத்தும் பொறுப்பு இன்னொருவருடையதாகவும் இருக்கலாம். 1949 இல் புவேர்ட்டோ ரிக்கோவின் சான் ஹுவானிலே அரசாங்க நிறுவனம் ஹோட்டலைக் கட்டியது. குத்தகைக்கு எடுத்து நடத்தியவர் ஹில்டன். 1993 இல் மரியற் கொம்பனி தன்னையே இரண்டாகப் பிரித்து, கட்டிடங்களையும் பெருங்கடனையும் ஒரு கொம்பனியிடமும், நடத்தும் தொழிலை மற்றதனிடமும் விட்டது. ஒரே அடியில் நிலம், கட்டிடம், தொழில், கடன் நான்கையும் தலையில் ஏற்ற வேண்டும் என்ற விதி எங்கும் இல்லை.

"2007 இல் பிளாக்ஸ்ரோன் நிறுவனம் ஹில்டனையே கடனிலேதான் வாங்கியது சேர்" என்றார். படித்த பிள்ளை அல்லவா? உண்மைதான். ஏறத்தாழ 26 பில்லியன் டொலர்; பெரும்பகுதி கடன். மறு ஆண்டே உலக நிதி நெருக்கடி வந்தது. 2010 இல் கடன் கொடுத்தோருடன் பேசிக் கடனைச் சீரமைத்தார்கள். பொறுத்திருந்து 2018 இல் முற்றாக விலகியபோது கிடைத்த இலாபம் ஏறத்தாழ 14 பில்லியன். ஆனால் அவர்கள் கடன்காரரை அழைத்துப் பேசும் நிலையில் இருந்தவர்கள். "உம்மை வங்கி முகாமையாளர் அழைத்துப் பேசும்போது, தம்பி, மேசைமேல் தங்கையின் உறுதி இருக்கும்" என்றேன்.

பிறகு நாங்கள் இருவரும் இருட்டும்வரை இருந்து மூன்று முடிவுகளுக்கு வந்தோம். ஒன்று, காணி உறுதியைத் தொடுவதில்லை. இரண்டு, விலைக்கு வாங்குவதற்குப் பதிலாக மூன்றாண்டுக் குத்தகைக்கு உரிமையாளரிடம் கேட்பது. முடிவில் வாங்கும் உரிமையை எழுத்தில் பெறுவது. மூன்று, எல்லாவற்றுக்கும் முன்னர், சம்பளமில்லாத விடுமுறையில் ஒரு பருவம் அங்கே போய் வேலை செய்வது. ஐந்தொகையை வாசிக்க அவருக்கு நன்றாகத் தெரியும். இரவு இரண்டு மணிக்குத் தண்ணீர்ப் பம்பி நின்றுவிட்டால் என்ன செய்வது, கோபத்துடன் வந்த விருந்தினர் சிரித்தபடி போக என்ன பேசுவது என்பவை எந்த ஐந்தொகையிலும் இல்லை. பருத்தித்துறையில் தெருவுக்கே கூரையிட்டு வழிப்போக்கருக்கு நிழல் தந்த தெருமூடி மடத்தைக் கட்டிய நம் முன்னோருக்கு உபசாரம் தருமமாக இருந்தது. அதைத் தொழிலாகக் கொள்பவர், முதலில் உபசரிக்கக் கற்க வேண்டும்.

மறுநாள் மாலை அவருடைய தந்தையாரிடம் சென்றேன். ஓய்வுபெற்ற தபாலதிபர், எண்ணிப் பேசுகிறவர். நான் சொன்னதை முழுவதும் கேட்டுவிட்டு, "ஒரு பருவம் வேலை செய்து பார்க்கிறேன் என்று அவன் என்னிடம் சொல்லவில்லையே, மாஸ்ரர். உறுதியைத் தாருங்கள் என்றுதானே கேட்டான்" என்றார். பின்பு உள்ளே சென்று வங்கிப் புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்தார். "பென்சனில் மிச்சம் பிடித்தது. பெரிய தொகை அல்ல. குத்தகை முற்பணத்துக்கு இதைக் கொடுக்கிறேன். இது போனாலும் பிள்ளையின் கலியாணம் நிற்காது."

பெற்றோருக்கு ஒரு சொல்: பிள்ளை உத்தியோகத்தை விடுகிறேன் என்றால், ஏன் என்று ஒருமுறை கேளுங்கள். மாணவர்களுக்கும் ஒரு சொல்: துணிந்து இறங்குங்கள், ஆனால் தோற்றால் இழக்கப்போவது யாருடைய பொருள் என்பதைக் கணக்கின் முதல் வரியில் எழுதிவிட்டு இறங்குங்கள்.

அந்த மாணவர் இப்போது நிலாவெளியில் இருக்கிறார். நேற்று என்னோடு தொலைபேசியிற் பேசினார். பம்பி பழுதாகிவிட்டதாம், தாமே திருத்தினாராம். தந்தைக்கு முதலிற் சொல்லிவிட்டுத்தான் எனக்குச் சொன்னாராம்.