பிப்ரவரிப் பழமும் பக்கத்து வீட்டுக் கிணறும்

காதலர் தினம் நெருங்கினால் அமெரிக்கப் பேரங்காடிகளில் ஸ்ட்ராபெர்ரிதான் முதல் வரிசைக்கு வரும். சாக்லேட்டில் தோய்த்த அந்தப் பழம் இல்லாத பிப்ரவரி 14 அங்கே அரிது. நாட்டின் ஆண்டு விளைச்சலில் பத்தில் ஒன்பது பங்கு கலிபோர்னியாவுடையது என்றாலும், நடுக்குளிர்காலத்தில் அதன் வரத்து மிகவும் குறைந்துவிடும். அந்த வாரங்களில் சந்தை நம்பியிருப்பது முக்கியமாக இரண்டு இடங்களை. ஒன்று மெக்சிகோவின் நடுப்பகுதி. மற்றொன்று ஃபுளோரிடா மாநிலத்தில் டம்பா நகருக்குக் கிழக்கே உள்ள பிளான்ட் சிட்டி வட்டாரம். அதனால் ஜனவரியில் ஃபுளோரிடாவில் உறைபனி எச்சரிக்கை வந்தாலே 'ஸ்ட்ராபெர்ரிக்குத் தட்டுப்பாடு' என்று செய்திகள் வரத் தொடங்கும். பழி முழுவதும் வானிலை மீது விழும். அந்தப் பழியில் பாதியாவது நாள்காட்டிக்கும், அதை வைத்து வியாபாரம் செய்பவர்களுக்கும் உரியது என்பது நம் கருத்து.

ஸ்ட்ராபெர்ரியில் பூ மலர்ந்து பழம் பறிக்கும் பருவத்துக்கு வர, குளிர்காலத்தில் ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். அப்படியானால் பிப்ரவரி 14க்கு விற்கவேண்டிய பழம் ஜனவரி நடுவில் பூவாக இருந்தாக வேண்டும். ஃபுளோரிடாவில் குளிர் உச்சத்தில் இருக்கும் காலமும் அதுவே. செடி குளிரை ஓரளவு தாங்கும். மலர்ந்த பூ தாங்காது. வெப்பநிலை உறைநிலைக்கு ஒரு பாகை கீழே போனால் பூவின் நடுப்பகுதி கருகிவிடும், அதிலிருந்து பழம் வராது. சாதாரணமாக விவசாயி இதற்கு அஞ்சவேண்டியதில்லை. செடி பிழைத்திருந்தால் அடுத்த சுற்றுப் பூ வரும், அறுவடை சில வாரம் தள்ளிப்போகும், அவ்வளவுதான். பண்டிகைச் சந்தையில் அந்தச் சில வாரத்துக்கு இடமில்லை. பிப்ரவரி 20ஆம் தேதி வந்துசேரும் பழம் எவ்வளவு இனித்தாலும் 13ஆம் தேதியின் விலை அதற்குக் கிடைக்காது. ஆகவே எந்த விலை கொடுத்தாவது அந்தப் பூவைக் காப்பாற்றியாக வேண்டும். அந்த விலையை யார் கொடுக்கிறார்கள் என்பதே கேள்வி.

காப்பாற்றும் முறை கேட்பதற்கு விசித்திரமானது. இரவு முழுக்கத் தெளிப்பான்களை ஓடவிட்டு, வயலையே பனிக்கட்டியால் மூடிவிடுகிறார்கள். ஒரு கிராம் நீர் உறையும்போது 80 கலோரி வெப்பத்தை வெளிவிடும். தொடர்ந்து நீர் விழுந்து உறைந்துகொண்டிருக்கும் வரை, பனிக்கட்டிக்குள் இருக்கும் பூ சுழியப் பாகைக்குக் கீழே போகாது. நடுவில் நிறுத்தினால் விளைவு எதிர்மாறாகும். ஈரம் ஆவியாகும்போது வெப்பத்தை இழுத்துக்கொள்வதால், தெளிக்காமலே விட்டிருந்தால் ஆகும் சேதத்தைவிட அதிகம் ஆகிவிடும். அதனால் தொடங்கிய பம்பு மறுநாள் காலை பனி உருகும்வரை ஓடியே தீரவேண்டும். மணிக்குக் கால் அங்குலம் என்று வைத்தாலும், ஒரு ஏக்கருக்கு ஒரு மணி நேரத்தில் 25,000 லிட்டருக்கு மேல் செலவாகிறது. ஆயிரக்கணக்கான ஏக்கர் பரப்பில், ஒரே இரவில், எல்லாப் பண்ணைகளும் ஒரே நிலத்தடி நீரை இறைத்தால் என்ன ஆகும்?

என்ன ஆகும் என்பது 2010 ஜனவரியில் தெரிந்தது. அந்தக் குளிர் ஓரிரு இரவில் விலகவில்லை. 11 நாள் நீடித்தது. பம்புகளும் நிற்கவில்லை. டோவர், பிளான்ட் சிட்டி பகுதியில் நிலத்தடி நீர்மட்டம் 60 அடி இறங்கியது. சுமார் 750 கிணறுகளில் தண்ணீர் எட்டவில்லை. அவற்றில் பெரும்பாலானவை ஸ்ட்ராபெர்ரிக்குச் சம்பந்தமே இல்லாத குடும்பங்களின் வீட்டுக் கிணறுகள். அந்த மண்ணுக்கு அடியில் இருப்பது சுண்ணாம்புப் பாறை. அதன் பொந்துகளை நிரப்பி நிற்கும் நீர்தான் மேலே உள்ள மண்ணுக்கு முட்டுக்கொடுக்கிறது. நீர் போனதும் 140க்கு மேற்பட்ட இடங்களில் நிலம் உள்வாங்கிப் பள்ளமானது. சாலைகளும் வீடுகளும் சேதமடைந்தன. பக்கத்துத் தோட்டத்தில் ஆழ்துளைக் கிணறு போட்டதும் தன் கிணறு வற்றிப்போன அனுபவம் கொங்குச் சீமையில் பலருக்கு உண்டு. அவர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை.

இத்தனையும் செய்து சந்தையைக் காப்பாற்றினார்களா என்றால், அதுவும் இல்லை. குளிரால் பழுப்பது தாமதமாகி, அந்தப் பருவத்தில் வேண்டிய நேரத்தில் வேண்டிய அளவு வரவில்லை. பின்தங்கிய விளைச்சல் முழுவதும் மார்ச்சில் ஒன்றாக வந்து குவிந்தபோது கலிபோர்னியாப் பழமும் இறங்கிவிட்டது. விலை பறிகூலிக்கும் கட்டாத அளவுக்கு விழுந்தது. பிளான்ட் சிட்டி விவசாயிகள் சிலர் பழுத்த பழத்தை வயலிலேயே அழியவிட்டார்கள். ஜனவரியில் ஊரார் கிணற்றை வற்றவைத்துக் காத்த செடி, மார்ச்சில் பழத்தோடு அழுகிற்று. இந்த வேடிக்கையை இயற்கைப் பேரிடர் என்ற தலைப்பில் எழுதிவைப்பது நேர்மையாகாது.

தென்மேற்கு ஃபுளோரிடா நீர் மேலாண்மை மாவட்டம் என்ற அமைப்பு சும்மா இருந்துவிடவில்லை. 2011இல் டோவர், பிளான்ட் சிட்டி வட்டாரத்தை நீர்ப் பயன்பாட்டு எச்சரிக்கைப் பகுதியாக அறிவித்தது. நீர்மட்டம் இதற்குக் கீழே போகக் கூடாது என்று வரம்பு வைத்தது. உறைபனிக்காக இறைக்கும் நீரை 2010 அளவிலிருந்து 20 விழுக்காடு குறைக்கப் பத்தாண்டு இலக்கு வைத்தது. பண்ணைக்குட்டை வெட்டி மழைநீரையும் வயலில் வழியும் நீரையும் சேர்த்துப் பயன்படுத்துவோருக்குச் செலவில் பங்கு தரவும் முன்வந்தது. பாராட்டத்தக்க ஏற்பாடுகள்தான். ஆனால் இலக்கு போதாது. 60 அடி இறங்கியதற்குப் பரிகாரம் ஐந்தில் ஒரு பங்குக் குறைப்பு என்றால், மீதி நாலு பங்கு பக்கத்து வீட்டுக் கிணற்றின் பொறுப்பாகவே நிற்கிறது. உறைபனிக் காப்புக்கு நிலத்தடி நீரை இறைப்பதை, ஆண்டு குறித்து, முழுமையாக நிறுத்தவேண்டும் என்பதே நம் நிலைப்பாடு.

இதற்கு எதிராக விவசாயி சொல்வதில் நியாயம் இருக்கிறது. பிளாஸ்டிக் மூடாக்கு, சொட்டுநீர்க் குழாய், நாற்று, கூலி என்று ஏக்கருக்குப் பெருந்தொகையை அக்டோபரிலேயே மண்ணில் போட்டுவிட்டு, நவம்பர் கடைசியிலிருந்து மார்ச் வரை அதை மீட்கப் போராடுகிறார். 2010இல் அவர் இறைத்தது திருட்டு நீர் இல்லை. கையில் உரிமம் இருந்தது. குளிரோடு அவருடைய கவலையும் முடிவதில்லை. ஜனவரி மழை நீடித்தால் சாம்பல் பூஞ்சணம் பிடிக்கும். வெயில் ஏறினால் பழம் முந்திப் பழுத்துச் சிறுத்துப்போகும். 2024 அக்டோபர் 9 இரவு கரையேறிய மில்டன் சூறாவளி, நடவு நடந்துகொண்டிருந்த வாரத்தில் அந்த வட்டாரத்தை வெள்ளக்காடாக்கியது. இப்படிப்பட்டவரிடம் போய் பம்பை நிறுத்து என்று மட்டும் சொல்வது அதிகாரிகளுக்கு எளிது, அறமாகாது.

மாற்று இல்லாமல் இல்லை. பாத்திகளின் மேல் போர்த்தும் மெல்லிய துணி பல பாகைக் குளிரைத் தடுக்கும். ஆனால் அதை மாலையில் விரிக்கவும் காலையில் சுருட்டவும் ஆள் வேண்டும். காற்றடித்தால் பறக்கும், சில பருவங்களில் கிழியும். குட்டை வெட்டினால் அந்த நிலத்தில் சாகுபடி போகும். இரண்டும் செலவு. இந்தச் செலவை ஏற்கவேண்டியவர்கள் வரிசையில் முதலில் நிற்கவேண்டிய பேரங்காடிகளோ கண்ணில் படுவதே இல்லை. பிப்ரவரி இரண்டாம் வாரத்துக்கான சலுகை விளம்பரத்தை அவர்கள் பல வாரங்களுக்கு முன்பே முடிவுசெய்கிறார்கள். வானிலை எப்படிப் போனாலும் பெட்டி வந்தாக வேண்டும் என்ற அழுத்தம் அங்கிருந்துதான் கிளம்புகிறது. பண்ணைக்குப் பண்ணை கணக்குக் கேட்கும் சட்டம் அவர்களையும் கேட்கட்டும். நிலத்தடி நீர் இறைக்காமல் காத்த பழத்துக்குக் கூடுதல் கொள்முதல் விலை, உறைபனி இரவுக்குப் பின் வரத்துக் குறைந்தால் விவசாயிக்கு அபராதமில்லாத ஒப்பந்தம், துணிக்கும் குட்டைக்கும் முன்பணம் ஆகியவற்றை விற்பனைச் சங்கிலிகள் ஏற்கவேண்டும்.

விலை ஏறுமே என்பார்கள். ஏறட்டும். ஸ்ட்ராபெர்ரி அரிசியோ கோதுமையோ இல்லை. ஒரு வாரம் கிடைக்காவிட்டால் யாரும் பட்டினி கிடக்கப் போவதில்லை. உண்மையில் பாதிக்கப்படுபவர்கள் பறிப்பதன் அளவுக்கேற்பக் கூலி வாங்கும் தொழிலாளர்கள்தாம், அவர்களில் மிகப் பலர் மெக்சிகோவிலிருந்து பருவ விசாவில் வருபவர்கள். பனிக்கட்டி மூடிய வயலில் பறிக்க ஒன்றும் இருக்காது, கூலியும் இருக்காது. உறைபனி நாள்களுக்கான குறைந்தபட்சக் கூலியையும் மேலே சொன்ன ஒப்பந்தத்திலேயே எழுதவேண்டும். துணி விரிக்கும் வேலையை அவர்களுக்கே கொடுத்து, அதற்கு நாள்கூலி தந்தால், பம்புக்குப் போகும் பணத்தில் ஒரு பகுதி அவர்கள் கைக்குப் போய்ச் சேரும்.