ஜிஎஸ்டி ரோட்டைக் கடக்க எங்களுக்கு ஒரு நிமிஷம் கொடுங்க!

தோழர்களே,

ஜிஎஸ்டின்னு சொன்னா நாடு முழுக்க வரிதான் ஞாபகம் வரும். கிண்டியிலிருந்து கூடுவாஞ்சேரி வரைக்கும் குடியிருக்கிற நமக்கு ரோடு ஞாபகம் வரும். 2017-ல் வந்த அந்த ஜிஎஸ்டி நம்ம பாக்கெட்டைத் தடவுது. அதுக்குப் பல தலைமுறை முன்னாடியே இருக்கிற இந்த ஜிஎஸ்டி, அதாவது கிராண்ட் சதர்ன் டிரங்க் ரோடு, தினமும் நம்ம உயிரோட விளையாடுது.

இந்த ரோடு போற வழியைக் கொஞ்சம் பாருங்க. கத்திப்பாராவில் தொடங்கி மீனம்பாக்கம், விமான நிலையம், பல்லாவரம், குரோம்பேட்டை, சானடோரியம், தாம்பரம், பெருங்களத்தூர், வண்டலூர், கிளாம்பாக்கம், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி என்று செங்கல்பட்டை நோக்கி ஓடுகிறது. பல்லாவரத்தில் துரைப்பாக்கம் 200 அடி சாலை வந்து விழுகிறது. தாம்பரத்தில் வேளச்சேரி பக்கமும் முடிச்சூர் பக்கமும் வந்து சேர்கின்றன. பெருங்களத்தூரில் சென்னை பைபாஸ். வண்டலூரில் மீஞ்சூரிலிருந்து வரும் வெளிவட்டச் சாலை, அதோடு கேளம்பாக்கம் சாலை. எல்லாச் சாலையின் சுமையும் ஒரே தோளில்!

தீபாவளிக்கும் பொங்கலுக்கும் முதல் நாள் ராத்திரி தென்மாவட்டமே இந்த ரோட்டில்தான் நிற்கும். டிவியில் ஹெலிகாப்டர் ஷாட் மாதிரி காட்டுவாங்க, சிவப்பு விளக்கா வரிசையா எரியும். மறுநாள் எல்லாரும் மறந்துடுவாங்க. ஆனா ரோட்டோரம் வாழ்றவங்களுக்கு 365 நாளும் அதே ராத்திரிதான்.

இப்போ விஷயத்துக்கு வருவோம். இந்த ரோட்டுக்குப் பக்கத்திலேயே ரயில் பாதை ஓடுது. ஒரு பக்கம் ஸ்டேஷன், எதிர்ப்பக்கம் கடைவீதி. ஒரு பக்கம் வீடு, எதிர்ப்பக்கம் பஸ் ஸ்டாப். சானடோரியத்தில் ரயிலை விட்டு இறங்கி நெஞ்சக நோய் மருத்துவமனைக்குப் போகிற நோயாளி, மெப்ஸில் ஷிப்ட் முடிந்து வெளியே வருகிற பெண் தொழிலாளி, குரோம்பேட்டை அரசு மருத்துவமனைக்குக் கைக்குழந்தையோடு வருகிற தாய், பல்லாவரம் வெள்ளிக்கிழமை சந்தையில் சாமான் வாங்கித் திரும்புகிற பெரியவர்... இவங்க எல்லாரும் தினமும் இந்த ரோட்டைத் தாண்டித்தான் ஆகணும். மேலே ஏறியோ, கீழே இறங்கியோ, இல்லேன்னா உயிரைக் கையில் பிடிச்சுக்கிட்டு நேரா ஓடியோ.

எத்தனை வண்டி ஒரு மணி நேரத்தில் போகுதுன்னு கணக்கெடுத்துப் பாலம் கட்டுறாங்க. எத்தனை பேர் குறுக்கே கடக்கிறாங்கன்னு கணக்கெடுத்து யாராவது திட்டம் போட்டுப் பார்த்திருக்கீங்களா? கணக்கிலேயே இல்லாதவனுக்குத் திட்டத்தில் எப்படி இடம் கிடைக்கும்?

"பாலம் கட்டலையா?" என்று கேட்பார்கள். கட்டினீர்கள், மறுக்கவில்லை. கத்திப்பாரா 2008-ல் திறந்தது. 2020-ல் பல்லாவரமும் வண்டலூரும் திறந்தன. பெருங்களத்தூர் பாலத்தைத் தவணை முறையில் திறந்தீர்கள். பாலம் வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் பாலம் என்ன செய்கிறது? ஒரு சிக்னலில் நின்ற வண்டியை அடுத்த சிக்னலுக்கு வேகமாகக் கொண்டுபோய் நிறுத்துகிறது. பாலத்துக்கு அடியில் நிற்கிற மனுஷனுக்கு என்ன கிடைச்சுது? நிழல் கிடைச்சுது, அவ்வளவுதான்.

"நடைமேம்பாலம் இருக்கே, ஏறிப் போக வேண்டியதுதானே? ஜனங்களுக்கு ஒழுக்கம் இல்லை" என்று அடுத்த வாதம் வரும். காரில் ஏசி போட்டுப் போகிறவர் சொல்கிற வாதம் இது. முட்டி தேய்ந்த எழுபது வயது அம்மாவை இரண்டு மாடி உயரம் ஏறச் சொல்கிறீர்கள். லிப்டும் எஸ்கலேட்டரும் ஓடினால் சரி, நின்றுபோனால்? சக்கர நாற்காலியில் வருகிறவர் என்ன செய்வார்? வண்டிக்கு இருப்பது இன்ஜின், அது ஒரு நிமிஷம் நின்றால் ஒன்றும் குறையாது. மனுஷனுக்கு இருப்பது இரண்டு கால். இன்ஜினைத் தரையில் விட்டுட்டு, காலை மாடி ஏறச் சொல்றதுக்குப் பேர்தான் திட்டமிடலா?

அடுத்து கிளாம்பாக்கம். இதைத்தான் எல்லாரும் பேசணும், தோழர்களே.

வெளியூர் பேருந்துகள் நகரத்துக்குள் வராமல் இருப்பது நல்லது என்பதை நாங்களும் ஏற்கிறோம். கோயம்பேடு தாங்கவில்லை, உண்மை. ஆனால் எதை முதலில் செய்வது, எதைப் பிறகு செய்வது என்று ஒரு வரிசை இருக்கிறது இல்லையா? கோயம்பேடு பேருந்து நிலையம் 2002-ல் திறந்தது. அதன் வாசலுக்கு மெட்ரோ 2015-ல்தான் வந்தது. பதிமூன்று வருஷம் ஜனங்கள் பட்ட பாடு போதாதா? அதிலிருந்து என்ன கத்துக்கிட்டீங்க?

2023 டிசம்பர் 30 அன்று சுமார் 88 ஏக்கரில் கிளாம்பாக்கத்தைத் திறந்தீர்கள். அன்றைக்கு அங்கே மெட்ரோ இல்லை. ரயில்வே ஸ்டேஷன் இல்லை. தண்டவாளம் ரோட்டுக்கு அந்தப் பக்கம் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் ஓடுகிறது, ஆனால் ரயில் நிற்க இடம் இல்லை. ரோட்டைத் தாண்ட ஆகாய நடைபாதையும் இல்லை. பக்கத்து ஸ்டேஷன் வண்டலூர், இல்லாவிட்டால் ஊரப்பாக்கம். திருவொற்றியூரிலிருந்தும் எண்ணூரிலிருந்தும் இரண்டு பையோடு, தூக்கத்தில் இருக்கிற பிள்ளையோடு வருகிற குடும்பம் எப்படி வந்து சேரும் என்று திறப்பு விழா மேடையில் யாராவது ஒருத்தர் யோசித்தார்களா? மெட்ரோ இருக்கிற இடத்திலிருந்து பஸ்ஸை எடுத்து, மெட்ரோ இல்லாத இடத்தில் வைத்ததற்குப் பெயர் வளர்ச்சியாம்!

வீடு கட்டுறவன் முதலில் வாசற்படி வைப்பான். நீங்க மாடி கட்டி, பெயின்ட் அடிச்சு, கிரகப்பிரவேசமும் முடிச்சுட்டு, அப்புறம் வாசலைத் தேடுறீங்க.

மெட்ரோ கதையைக் கேளுங்கள். 2016 செப்டம்பரில் விமான நிலையம் வரை வந்தது, அங்கேயே நின்றுவிட்டது. அங்கிருந்து கிளாம்பாக்கம் சுமார் 15 கிலோமீட்டர்தான். திட்ட அறிக்கை போட்டார்கள், திருத்தினார்கள், மறுபடி திருத்தினார்கள். மாநிலத்தைக் கேட்டால் ஒன்றியத்தைக் கை காட்டுகிறது. ஒன்றியத்தைக் கேட்டால் பதிலே வருவதில்லை. வெள்ளைக்காரன் 1931-லேயே பீச்சிலிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயில் விட்டான். அவன் நம்மைச் சுரண்டினவன்தான். சுதந்திர நாட்டு அரசுகள் அவனைவிட மெதுவாக நடப்பது வெட்கமாக இல்லையா?

புகார் கொடுக்கப் போனால் அடுத்த கூத்து. ரோட்டின் ஒரு பகுதி மாநில நெடுஞ்சாலைத் துறை. இன்னொரு பகுதி தேசிய நெடுஞ்சாலை ஆணையம். வடிகால் என்றால் மாநகராட்சி, அதிலும் சென்னையா தாம்பரமா என்று முதலில் பார்க்கணும். தண்டவாளம் ரயில்வே. பேருந்து நிலையம் சிஎம்டிஏ. சிக்னல் போலீஸ். ஒரு பள்ளத்தை மூட ஆறு ஆபீஸ் படி ஏறணும். மழை மட்டும் யாரோட எல்லைன்னு கேட்காமல் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி தேங்குது.

நமது கோரிக்கைகள் இவை:

1. கத்திப்பாரா முதல் கூடுவாஞ்சேரி வரை, சாலையைக் குறுக்கே கடப்பவர்களின் எண்ணிக்கையை இடம் வாரியாகக் கணக்கெடுத்து வெளியிட வேண்டும்.

2. கூட்டம் கடக்கிற ஒவ்வொரு இடத்திலும் தரை மட்டத்திலேயே பாதசாரி சிக்னல் வேண்டும். முதியவர் நடந்து முடிக்கும் அளவுக்கு நேரம் வேண்டும்.

3. நடைமேம்பாலங்களில் லிப்ட், எஸ்கலேட்டர் பராமரிப்புக்கு யார் பொறுப்பு என்று அங்கேயே பலகை வைக்க வேண்டும்.

4. விமான நிலையம் முதல் கிளாம்பாக்கம் வரையிலான மெட்ரோவுக்கு மாநிலமும் ஒன்றியமும் சேர்ந்து தேதி சொல்ல வேண்டும். அதுவரை வடசென்னைக்கு ராத்திரி முழுக்க நேரடி மாநகரப் பேருந்து ஓட வேண்டும்.

5. இந்தச் சாலைக்கென்று எல்லாத் துறையும் அடங்கிய ஒரே பொறுப்பு அலுவலகம் வேண்டும். ஒரு புகார், ஒரு கதவு.

இது எட்டு வழிச்சாலைக் கனவு கிடையாது. ஆயிரக்கணக்கான கோடி கேட்கிற பட்டியலும் கிடையாது. இதில் பாதிக்குப் பெயின்ட், பலகை, சிக்னல் விளக்கு, கொஞ்சம் மனசு இருந்தால் போதும்.

தோழர்களே, நீங்களும் சும்மா லைக் போட்டுட்டுப் போயிடாதீங்க. உங்க பஸ் ஸ்டாப்பில் நாளைக்குக் காலையில் ஒரு பத்து நிமிஷம் நில்லுங்க. எத்தனை பேர் கடக்கிறாங்க, எத்தனை பேர் நடுவில் மாட்டிக்கிட்டு நிற்கிறாங்கன்னு எண்ணுங்க. ஊர் பேரோட, நேரத்தோட கமென்ட்டில் எழுதுங்க. அரசு எடுக்காத கணக்கை நாம எடுப்போம். அந்தக் கணக்கோடு போய் அவங்க கதவைத் தட்டுவோம்.

ரோடு ஊரைக் கடந்து போகலாம். ஊர்க்காரனை மிதித்துக்கொண்டு போகக் கூடாது!

#ஜிஎஸ்டிசாலை #ஒருநிமிஷம்கொடுங்க #நடப்பவருக்கும்சாலை