செய்தி ஏடா? சந்தைப் பறையா?

நாணயம் வீழ்ந்தால் முதலில் நசுங்குபவன் யார்? உழுகின்றவனே! 2021இல் இரசாயன உரத்துக்குத் தடை. 2022இல் ரூபாவுக்கே வீழ்ச்சி. அவ்வாண்டின் தொடக்கத்தில் 200 ரூபாவாக இருந்த டொலர், சில மாதங்களில் 360 ரூபாவை எட்டியதை மண்டூர் வட்டைகளில் வேளாண்மை செய்வோர் எவரும் மறந்திரார்.

அந்த நியாயமான கோபத்தைத் தமக்கு முதலாக்க முனைவோர் உளர். “அரசாங்கக் காசை நம்பாதே; கணினிக் காசை வாங்கு” என்னும் போதனை, குருமண்வெளித் துறையில் பாதையேறாமலே, கைத்தொலைபேசி வழியாகப் படுவான்கரைக்கு வந்துவிட்டது. அப்போதனையை உலகெங்கும் பரப்பிய முன்னோடி ஏடொன்றின் கதையை நம்மவர் அறிதல் வேண்டும்.

‘பிட்கொயின் மகசீன்’ என்பது அதன் பெயர். உருமேனியரான மிகாய் அலிசியும், கனடாவில் வளர்ந்த விட்டாலிக் புட்டெரினும் தொடங்கிய அச்சஞ்சிகையின் முதல் அச்சிதழ் 2012 மே மாதத்தில் வெளிவந்தது. புட்டெரினுக்கு அப்போது வயது 18. அதற்குமுன் வேறோர் ஏட்டுக்கு அவர் எழுதிய கட்டுரைக்குக் கூலி 5 பிட்கொயின். அன்றைய மதிப்பில் நான்கு டொலருக்கும் குறைவு. இளைஞரின் ஆர்வத்தை நாம் பழிக்கவில்லை. ஆனால், எழுதும் பொருளே எழுதுவோனின் கூலியாகும்போது நடுநிலை எங்கே நிற்கும்?

2013இன் இறுதியில் எதீரியம் என்னும் புதிய அமைப்புக்குத் திட்டம் வரைந்து புட்டெரின் தம் வழி சென்றார். சஞ்சிகை பின்னர் பீ.ரீ.சி. நிறுவனத்தின் உடைமையாயிற்று. ஏட்டோடு மாநாடும் சேர்ந்தது. 2021 யூனில் அந்நிறுவனத்தினர் மயாமியில் கூட்டிய மாநாட்டிலேதான், பிட்கொயினைச் சட்டபூர்வ நாணயமாக்கப்போவதாக எல் சல்வடோர் சனாதிபதி புக்கேலே அறிவித்தார். 2024 யூலையில், நாஷ்வில் மாநாட்டு மேடையில் டொனால்ட் டிரம்ப் தேர்தல் முழக்கம் செய்தார். யாரைக் கேள்வி கேட்கவேண்டுமோ, அவருக்கே மேடை!

விளைவு என்ன? 2021 நவம்பரில் ஏறத்தாழ 69,000 டொலராக இருந்த பிட்கொயின், ஓராண்டில் 16,000 டொலருக்கும் கீழே சரிந்தது. எல் சல்வடோரோ, சர்வதேச நாணய நிதியத்திடம் கடன் பெறும் பொருட்டு, 2025 சனவரியில் தன் சட்டத்தைத் திருத்தி, வணிகர் அதை ஏற்றேயாக வேண்டும் என்ற கட்டாயத்தைக் கைவிட்டது.

“ரூபாவும் வீழ்ந்ததே!” என்பர். வீழ்ந்தது, மறுக்கவில்லை. ஆனால் அதற்குப் பொறுப்பாளிகள் உளர். முன்னாள் சனாதிபதிகளும் மத்திய வங்கியின் முன்னாள் ஆளுநர்களும் பொதுமக்களின் நம்பிக்கையை மீறினர் என்று 2023 நவம்பரில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பிட்கொயின் சரிந்தால் எவர்மீது வழக்குத் தொடுப்பது? இத்தகைய நாணயத் தொழிலுக்கு எவருக்கும் உரிமம் வழங்கவில்லை என்று 2022 யூலையிலேயே மத்திய வங்கி எச்சரித்தது. நகையை ஈடுவைத்து அதில் இட்ட பணம் போனால், முறையிட வாசல் இல்லை!

கற்றறிந்த தமிழ்ப் பெருமக்களே! ஆசிரியரும் கணக்காளரும் வங்கி அலுவலரும் வாளாவிருத்தல் தகுமா? மத்திய வங்கியின் எச்சரிக்கையைக் கமக்காரர் அமைப்புகளின் கூட்டங்களில் எடுத்துரையுங்கள். கமக்காரரே! எந்த ஏடு எதை வாங்கச் சொன்னாலும் ஒரு கேள்வி கேளுங்கள்: “வாங்கு என்பவன் அதில் எவ்வளவு வைத்திருக்கிறான்?” மறுமொழி வரும்வரை மடியை அவிழ்க்காதீர்!