கை கொடுத்தோரும் கைவிட்டோரும்

வெள்ளம் வடிந்துவிட்டது, வேதனை வடியவில்லை. வீடு நின்றது, வாழ்வு நிற்கவில்லை. 2005ஆம் ஆண்டு ஆகஸ்ட் 29ஆம் நாள் கத்ரினா சூறாவளி தாக்கிய பிறகு அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரம் இருந்த கோலம் இது. உலகத்துக்கே உபதேசம் புரியும் வல்லரசின் மண்ணிலே, ஒரு நகரத்தின் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீரில் கிடந்தது. அந்தப் புயல் கொண்ட உயிர்கள் 1,300க்கும் மேல்!

இயற்கையின் சீற்றம் என்று எழுதிவிட்டு ஏட்டை மூடலாம் என எண்ணினர் ஆளவந்தார்கள். மூட முடிந்ததா? காற்று வீசியது உண்மை. கடல் பொங்கியது உண்மை. ஆயினும் நகரை மூழ்கடித்தது, நகரைக் காப்பதற்கென்றே கட்டப்பட்ட கரைகள் உடைந்த கொடுமையன்றோ! பதினேழாம் தெருக் கால்வாயின் சுவர் சாய்ந்தது. லண்டன் அவென்யூ கால்வாயின் சுவர் பிளந்தது. இண்டஸ்ட்ரியல் கால்வாயின் சுவர் சரிந்து, கறுப்பினத் தொழிலாளர் குடியிருந்த கீழ் ஒன்பதாம் வட்டாரத்தின் மீது வெள்ளம் பாய்ந்தது. வீடுகளை அடித்தளத்தோடு பெயர்த்து வீதியிலே வீசிற்று. அந்தச் சுவர்களைக் கட்டியது யார்? அரசின் இராணுவப் பொறியாளர் படை. வடிவமைப்பிலேயே குறை இருந்தது என்று 2006இல் அந்தப் படையே ஒப்புக்கொண்டது. குற்றவாளிக் கூண்டில் ஏற வேண்டியது புயல் மட்டுந்தானா, தோழர்களே?

அடுத்த காட்சியைப் பாருங்கள். நகரத்து மாநாட்டு மண்டபத்தில் ஆயிரக்கணக்கானோர் உணவின்றி, குடிநீரின்றி, நோயாளிகளோடும் பச்சைக் குழந்தைகளோடும் தவித்தனர். தொலைக்காட்சி பார்த்த பாமரனுக்கெல்லாம் தெரிந்த அந்தச் செய்தி, அவசரகால நிவாரணத்துக்கென்றே அமைந்த மைய அரசுத் துறையின் தலைவருக்குச் செப்டம்பர் 1ஆம் நாள்தான் எட்டியதாம்! அந்தத் துறைக்கு வருமுன் அவர் ஆற்றிய பணி என்ன தெரியுமா? அரபுக் குதிரைச் சங்கத்தில் நடுவர்களை மேற்பார்த்தது. மறுநாள் குடியரசுத் தலைவர் புஷ் ஊரறிய அவரைப் பாராட்டினார். பத்தே நாளில் அவர் பதவி விலகினார்.

அரசு அசைய மறுத்தபோது மனிதர்கள் அசைந்தார்கள். எட்டு மாதத்துக்கு முன்புதான் சுனாமிக்குத் தன் மக்களைப் பறிகொடுத்த இலங்கைகூட, கண்ணீர் காயாத நிலையிலும் 25,000 டாலர் அனுப்பிற்று. அமெரிக்காவின் பல மாநிலங்களிலிருந்தும் தேவாலயத் தொண்டர்கள் வண்டி வண்டியாக வந்து இறங்கினர். மெத்தடிஸ்ட் சபையார், பாப்டிஸ்ட் சபையார், கத்தோலிக்கர், மென்னோனைட்டுகள் என எத்தனையோ பிரிவினர். எல்லோர் கையிலும் ஒரே கடப்பாரை!

வாரக்கணக்கில் நீரில் ஊறிய வீடு எப்படி இருக்கும்? கதவிலே வண்ணம் தெளித்து வரைந்த பெருக்கல் குறி. அதன் ஒரு பக்கத்தில் தேடிய நாள்; ஒரு பக்கத்தில் தேடிய குழுவின் பெயர்; அடியிலே ஓர் எண். அந்த எண், உள்ளே கண்ட பிணங்களின் கணக்கு! கதவைத் திறந்தால் தரையெல்லாம் சேறு, சுவரெல்லாம் கருத்த பூஞ்சை. மின்சாரம் நின்ற நாளில் மூடிய குளிர்பெட்டிக்குள் இறைச்சி அழுகிப் புழுத்திருக்கும். அதைத் திறவாமலே நாடாவால் இறுகச் சுற்றித் தெருவுக்குத் தூக்க வேண்டும்.

அத்தகைய வீடுகளுக்குள்ளே முகமூடி அணிந்து நுழைந்தார்கள் தொண்டர்கள். நனைந்த மெத்தையும், உப்பிய அலமாரியும், ஒன்றோடொன்று ஒட்டிப்போன திருமணப் படங்களும் வெளியே வந்தன. ஊறிப்போன சுவர்ப் பலகைகளைப் பெயர்த்து, மரச்சட்டங்கள் மட்டும் நிற்கும் எலும்புக்கூடாக வீட்டை ஆக்கினார்கள். பூஞ்சையைச் சுரண்டி, மருந்து தெளித்து, உலரவிட்டார்கள். அதற்குப் பிறகே மின்கம்பியும் புதுப்பலகையும் பூச்சும் வண்ணமும். ஓய்வுபெற்ற தச்சர் முதல், விடுமுறையைக் கடற்கரையிலே கழித்திருக்கக் கூடிய கல்லூரிப் பிள்ளைகள் வரை இந்தப் பணியிலே இருந்தனர். பகலெல்லாம் சேறு, இரவிலே தேவாலயக் கூடத்தில் படுக்கை, கூலி ஏதுமில்லை.

அவர்களில் மென்னோனைட்டுகளைத் தனியே குறிப்பிட வேண்டும். போரிலே துப்பாக்கி ஏந்துவதில்லை என்பது அவர்தம் மரபு. பேரிடர்ப் பணிக்கென 1950இல் கான்சாஸ் மாநிலத்தில் ஓர் அமைப்பைக் கண்டவர்கள். துப்பாக்கியை மறுத்த கை சுத்தியலை மறுக்கவில்லை. படமெடுக்க வந்தவர்கள் பெட்டியைக் கட்டிக்கொண்டு போன பிறகும், ஆண்டுக்கணக்கில் தேவாலயத் தொண்டர்களின் சுத்தியல் ஒலி அந்த வீதிகளிலே கேட்டது.

மதம் பரப்ப வந்த மாயம் இது என்று மூக்கைச் சுளிப்போர் நம்மிலும் இருக்கக்கூடும். கத்தோலிக்கமும் பாப்டிஸ்ட் சபையும் வேரூன்றிய ஊர் அது; ஏசுவை அங்கே அறிமுகம் செய்ய ஆள் தேவையில்லை. அன்றியும், பூஞ்சை பிடித்த பலகையைப் பெயர்ப்பவனிடம் போய், நீ எந்தக் கோயிலுக்குப் போகிறவன் என்று விசாரிப்பது வீடிழந்தவனின் வேலையுமல்ல, நம் வேலையுமல்ல. நல்லது செய்த கை நல்ல கை. அதற்கு நம் வணக்கம்!

வணக்கம் செலுத்திவிட்டோம். இனி வழக்கைத் தொடர்வோம்.

காக்கத் தவறியது மைய அரசு. கெடு விதித்தது நகர மன்றம்! 2006 ஆகஸ்ட் 29க்குள் வீட்டின் உட்புறத்தைச் சுத்தம் செய்யாவிட்டால் நகராட்சி கைப்பற்றலாம், இடிக்கலாம் என்று விதி பிறந்தது. வெளியூரிலே ஏதிலியாய்க் கிடந்த ஏழை, பணத்துக்கும் ஆளுக்கும் எங்கே போவான்? தொண்டர்கள் பெயர்த்த பலகைகள், அத்தகையோர் எத்தனையோ பேரின் உரிமைப் பத்திரத்தைக் காத்தன.

பிறகு வந்தது அரசின் உதவித் திட்டம். பெயர் "ரோடு ஹோம்", அதாவது வீடு திரும்பும் பாதை. பெயரிலே கனிவு, கணக்கிலே கயமை! வெள்ளத்துக்கு முன் வீட்டுக்கிருந்த சந்தை விலை, பழுது பார்க்கும் செலவு, இவ்விரண்டில் எது குறைவோ அதைக் கொண்டு உதவித்தொகை கணக்கிட்டார்கள். ஒரே அளவு வீடு, ஒரே அளவு சேதம். வெள்ளையர் பகுதியில் சந்தை விலை அதிகம். ஆகவே பழுதுச் செலவுக்கு ஈடு கிடைக்கும். கறுப்பர் பகுதியில் சந்தை விலை குறைவு; ஆகவே அந்தக் குறைந்த தொகைதான் கிடைக்கும். ஆனால் பலகைக்கும் ஆணிக்கும் இருவரும் ஒரே விலைதானே கொடுக்க வேண்டும்? வாங்குபவனின் தோல் நிறம் பார்த்து ஆணி விலை இறங்குமா? கறுப்பின வீட்டுக்காரர்கள் 2008இல் நீதிமன்றம் ஏறினர். 2011இல் சமரசமாக 6 கோடியே 20 லட்சம் டாலர் ஒதுக்கப்பட்டது. ஆறு ஆண்டு! அதுவரை அந்த இடைவெளியை எத்தனையோ வீடுகளில் நிரப்பியது தேவாலயத் தொண்டனின் வியர்வை.

இன்னும் கேளுங்கள். ஒரு வீட்டைக் கட்டி முடிக்கத் தொண்டர்கள் கூட்டம் உழைத்துக்கொண்டிருந்த அதே ஊரில், ஏழைகள் வாடகைக்கு இருந்த நான்கு அரசுக் குடியிருப்புகளை, ஏறத்தாழ 4,500 வீடுகளை, இடிப்பதற்கு 2007 டிசம்பர் 20 அன்று நகர மன்றம் ஒருமனதாக இசைந்தது. கட்டுவது கருணை, இடிப்பது ஆட்சி!

இங்கேதான் விழிப்பு வேண்டும். தொண்டரைப் புகழும் வாய்கள் எல்லாம் தூய்மையானவை அல்ல. மக்களே மக்களைக் கவனித்துக்கொள்கிறார்களே, அரசுக்கு இனி என்ன வேலை என்று கைகழுவத் துடிக்கும் ஆட்சியாளனும் அந்தப் புகழ்மாலையைத் தொடுக்கிறான். தேவாலயத்தான் வீட்டுச் சுவரை எழுப்பலாம். கால்வாய்க் கரையை எழுப்ப முடியுமா? கத்ரினாவுக்குப் பிறகு நியூ ஆர்லியன்சைச் சுற்றிப் புதிய வெள்ளத் தடுப்பு அமைக்க மைய அரசு செலவிட்டது ஏறத்தாழ 1,450 கோடி டாலர். எந்தக் கோயில் உண்டியலில் விழும் அவ்வளவு பணம்? சாவுக்குப் பின் கட்ட முடிந்த கரையை, சாவுக்கு முன் ஏன் கட்டவில்லை? அந்தக் கேள்வியைச் சுத்தியல் கேட்காது. நாம்தான் கேட்க வேண்டும்.

தோழர்களே! மேடையிலே முழங்க நமக்குத் தெரியும். வெள்ளம் வந்த மறுநாள் மண்வெட்டியோடு குடிசை வாயிலில் நிற்கவும் தெரிய வேண்டும். மாலை வாடி, செய்தியும் பழையதாகிவிட்ட ஆறாம் மாதத்திலும் அங்கே நிற்க வேண்டும். அந்த மென்னோனைட்டுத் தச்சனிடமிருந்து நாம் பெற வேண்டிய பாடம் அது. அவனோடு சேர்த்து நாம் செய்ய வேண்டிய இன்னொரு பணியும் உண்டு: உதவித்தொகை யாருக்குப் போயிற்று, கரையைக் கட்டியவன் யார், கெடு விதித்தவன் யார் என்று பெயர் பெயராகக் கணக்குக் கேட்பது.

ஒரு கையில் கடப்பாரை; மறு கையில் கணக்கேடு. இரண்டில் ஒன்றைக் கீழே போட்டாலும், அடுத்த வெள்ளத்தில் அதே வீடு மூழ்கும்!